பதினொன்றில் நான்காவது

...இல்லை, இது பெய்கிற மேகம் இல்லை, பெய்கிற மேகத்துக்கு அடிவயிறு தொங்கும், இது தட்டையாக, இஸ்திரி போட்ட துணிபோலக் கிடக்கிறது, ஆனால் மேற்கே மலைக்குப் பின்னாலிருந்து ஒன்று தலையைத் தூக்குகிறதே, அதை நம்பி ஒன்றும் செய்ய முடியாது, என்று எண்ணிக்கொண்டே அவள் லென்ஸைத் துடைத்தாள், துடைத்ததையே திரும்பவும் துடைத்தாள். ஏரியைப் பார்த்தாற்போலக் கட்டிய கண்ணாடிக் கூடம், வெளியே புல்வெளி, புல்வெளியில் வெள்ளைத் துணி போர்த்திய நூற்று இருபது நாற்காலிகள். மணி இரண்டு நாற்பது. சடங்கு நாலரைக்கு. நடுவே இருக்கிற ஒரு மணி ஐம்பது நிமிடத்துக்குள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனியாக அழைத்துப்போய் எடுக்க வேண்டிய படங்கள் பதினான்கு, அதில் பதின்மூன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவாள்... பதினான்காவதுதான். புல்வெளி முடிகிற இடத்தில் ஏரிக்குள் நாக்கை நீட்டினாற்போல ஒரு பாறை இருக்கிறது, காலையில் பெய்த தூறலில் நனைந்தது இன்னும் கறுத்துத்தான் இருக்கிறது, காய்ந்த கல் வெளுத்திருக்கும், ஈரக் கல் கறுத்திருக்கும், இதற்குப் படிப்பு ஒன்றும் வேண்டாம். அதன்மேல் கல்யாணப் பெண் ஏறி நின்று இரண்டு கையையும் விரித்துச் சிரிக்க வேண்டும், தலைத்துணி காற்றில் பறக்க வேண்டும், பின்னால் வெயில் விழ வேண்டும். "அக்கா, இதே மாதிரி, அச்சு அசலா இதே மாதிரி" என்று நான்கு மாதத்துக்கு முன்னால், முதல் சந்திப்பிலேயே, அந்தப் பெண் தன் போனை நீட்டினாள். போனில் இருந்தது இவள் எடுத்த படம்தான். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வேண்டாம்மா, அது மட்டும் வேண்டாம், என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும்? தலையை ஆட்டிவிட்டு வந்தாள். இடம் எப்படி இருக்கிறதோ பார்க்கலாம், அன்றைக்கு மழை வந்தாலும் வரும், வெயில் இல்லாமலும் போகும், என்று வானத்தின் தலையில் கட்டிவிட்டு வந்தாள். இப்போது வானம் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு அவள் முகத்தைப் பார்க்கிறது. ஏற்றுவதா, வேண்டாமா?

மழை வருமா வராதா என்று கேட்பதற்கு இந்தக் கல்யாணத்தில் எல்லோருக்கும் அவள் ஒருத்திதான் கிடைத்தாள். அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறவளிடம்தானே கேட்பார்கள். பெண்ணின் அம்மா மூன்றாவது தடவையாக வந்து நின்றாள், ஒரு காதில் கம்மல் இருந்தது, மற்றது கையில் இருந்தது. "என்னம்மா, நாற்காலியை உள்ள போடச் சொல்லவா, வெளியவே இருக்கட்டுமா? மேனேஜர் என் உசிரை வாங்கறார்." "நாலு மணி வரைக்கும் பாக்கலாம்மா." "நாலு மணிக்கு வந்துட்டா?" "பதினஞ்சு நிமிஷத்துல உள்ள போட்டுடலாம், ஆள் இருக்காங்கல்ல." "என்னமோ, நீ சொல்றேன்னுதான் நம்பறேன்" என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த கம்மலைத் தேடிக்கொண்டே போனாள். நம்புகிறாளாம்... அந்தச் சொல் காதில் விழுந்தாலே இப்போதெல்லாம் லென்ஸைத் துடைக்கத் தோன்றுகிறது. படம் எடுக்க இவளோடு வந்த இவளுடைய புருஷன் சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தங்கும் அறையிலிருந்து எடுத்து வந்த, குளிக்கும்போது தலைக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் தொப்பிகளை ஒவ்வொன்றாகக் கேமராக்களுக்கு மாட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு போன்ல மூணு சொல்லுது. ஒண்ணு இருபது சதவீதம்ங்குது, ஒண்ணு அறுபதுங்குது, இன்னொண்ணு சூரியன், மேகம், சொட்டு எல்லாத்தையும் சேர்த்துப் படம் போட்டிருக்கு. எல்லாத்தையும் போட்டுட்டா ஏதாவது ஒண்ணு பலிக்கும்ல? ஜோசியக்காரன் இவன்கிட்ட பாடம் படிக்கணும்." அவள் சிரிக்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, செய்தி வாசிக்கிற குரலை வரவழைத்துக்கொண்டு, "மேடம் இன்று மேகமூட்டத்துடன் காணப்படுவார், ஓரிரு இடங்களில் இடி இடிக்கலாம்" என்றார். வேலைக்கு வந்துவிட்டால் அவள் மேடம்தான் அவருக்கு. கல்யாண வீட்டுக்காரர்களுக்கு அவள் அக்கா, அவர் அண்ணா, "நாள் முழுக்க அக்கா அண்ணான்னு கூப்பிட்டே நம்மளக் கூடப்பிறந்தவங்களா ஆக்கிடறாங்க, சாயங்காலம் வீட்டுக்குப் போனாத்தான் திரும்பக் கல்யாணம் ஆகுது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவார், ஒவ்வொரு தடவையும் அவள் சிரிப்பாள், மூன்று வருடம் முன்புவரை.

இரண்டு பேரும் சேர்ந்து இந்தத் தொழிலுக்கு வந்து பதினாறு வருடம். கேமரா அவளுடையது, வெளிச்சம் அவருடையது. ரிஃப்ளெக்டர் என்கிற அந்த வட்டமான வெள்ளித் தட்டைப் பிடித்து, எங்கேயோ விழுகிற வெயிலை வாரி முகத்தில் தெளிக்கிற வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம், கேமரா யார் கண்ணில் இருக்கிறதோ அவர் சொன்னதுதான் சொல். "உள்ள வராதீங்க" என்றால் அப்படியே நிற்க வேண்டும், காலைத் தூக்கியிருந்தால் தூக்கியபடியே. ஒரு கல்யாணத்தில் நாற்பது தடவை அதைச் சொல்லுவாள், ஓடி வருகிற பிள்ளைகளிடம், தட்டை ஏந்திக் குறுக்கே போகிற பரிமாறுகிறவரிடம், போனை நீட்டிக்கொண்டு மூக்கை நுழைக்கிற மாமாக்களிடம். மற்றவர்கள் கேட்டும் இரண்டு அடி வைத்துவிட்டுத்தான் நிற்பார்கள், மாமாக்கள் நிற்கவே மாட்டார்கள். அவர் மட்டும் அந்த நொடியே நிற்பார். சொல் காதில் விழுந்து மனசுக்குப் போய்ச் சேருவதற்குள் கால் நின்றுவிடும், அப்படி ஒரு பழக்கம். இப்படி ஒரு ஆள் துணைக்குக் கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறாள்... ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தச் சொல்லைக் கேட்காமல் இரண்டு அடி வைத்திருந்தால் என்ன?

அது வேறொரு ஊர், வேறொரு ஏரி. அன்றைக்கும் காலையில் தூறியது, அன்றைக்கும் பெண்ணின் அம்மா ஒருத்தி வந்து மழை வருமா என்று கேட்டாள், வராது, தைரியமா அனுப்புங்க, என்று இவள்தான் சொன்னாள். மழை வரவில்லை, அந்த மட்டில் அவள் சொன்னது சரி. பதினொரு படம். மூன்றே நொடிக்குள் எடுத்தவை. வரிசை அவளுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். முதல் படத்தில் அந்தப் பெண் பாறைமேல் நின்று, காலை எங்கே வைப்பது என்று குனிந்து பார்க்கிறாள். இரண்டாவதில் நிமிர்கிறாள், இடது குதிகால் பாசியின்மேல் இருக்கிறது, வலது ஓரத்தில் நீலக் கட்டம் போட்ட ஒரு சட்டைக் கை தெரிகிறது, அவர் பார்த்துவிட்டார், ரிஃப்ளெக்டரைக் கீழே போட்டுவிட்டுப் பிடிக்க வருகிறார். மூன்றாவதில் கை இன்னும் உள்ளே வந்திருக்கிறது, பெண்ணின் இடுப்புக்கு ஒரு முழ தூரம். அப்போதுதான் கத்தினாள், "உள்ள வராதீங்க!" கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினாள், ஏனென்றால் அரை மணி நேரம் கால் கடுக்கக் காத்திருந்த வெளிச்சம் அந்தக் கணத்தில்தான் மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஏரி முழுக்கக் கொட்டியது. நான்காவது படம். பெண்ணின் இரண்டு கைகளும் இறக்கைபோல விரிந்திருக்கின்றன, தலை பின்னால் சாய்ந்திருக்கிறது, வாய் திறந்து பல்வரிசை பளீரென்று தெரிகிறது, தலைத்துணி ஆளுயரத்துக்கு எழும்பி நிற்கிறது, பார்க்கிறவர்களுக்கு அவள் உலகத்தையே கட்டிப்பிடிக்கப் போகிறவள். வலது ஓரத்தில் அந்தக் கை, விரித்த விரல்களோடு, அந்தரத்தில் நின்றுபோய் இருக்கிறது. ஐந்தாவதில் கை இல்லை. ஏழாவதில் பெண்ணே பாதிதான் இருக்கிறாள். பதினொன்றாவதில் வெறும் பாறையும் துணியின் ஒரு நுனியும். விழுந்த பிறகும் விரல் அழுத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறது... அந்தச் சின்ன ஓட்டை வழியாக என்ன பார்த்தாள்? ஒரு சட்டைக் கை உள்ளே வருவதைப் பார்த்தாள், படம் கெடப்போகிறது என்று பார்த்தாள், பெண்ணின் குதிகாலைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுதான் சொல்லிக்கொள்கிறாள். பார்க்காதவளுக்கு இரண்டாவது படத்தில் குதிகால் இருந்த இடம் எப்படி அன்றைக்கே, கார்டைக் கம்ப்யூட்டரில் போடுவதற்கு முன்பே, தெரிந்திருந்தது?

கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது, தகடு வைத்தார்கள். கல்யாணம் ஒன்பது நாள் தள்ளி, பெண் நாற்காலியில் உட்கார்ந்தபடி நடந்தது, அதற்கு இவள் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லித் தெரிந்த படக்காரர் ஒருவரை அனுப்பிவைத்தாள். விழுவதற்கு முன்னால் எடுத்த படங்களையாவது அனுப்புங்க என்று அந்த வீட்டிலிருந்து கேட்டார்கள். நான்காவதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தக் கையை அழிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. ஏழாவது படத்தின் மூலையிலிருந்து கொஞ்சம் தண்ணீரை வெட்டியெடுத்து, கை இருந்த இடத்தில் வைத்து, ஓரம் தெரியாமல் வெயிலைப் பூசி... அவ்வளவு சுத்தமாக அவள் வேறு எதையும் அழித்ததில்லை. அவர் அப்போது சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அனுப்பிய நாற்பது படத்தில் அந்த வீட்டார் அதைத்தான் ஆல்பத்தின் முகப்புக்குத் தேர்ந்தெடுத்தார்கள், "அந்த நாள்ல நல்லதா மிஞ்சினது இது ஒண்ணுதான், எல்லாருக்கும் காட்டுங்க" என்று எழுதியும் அனுப்பினார்கள். காட்டினாள். அது அவளை மீறிக் கை மாறிக் கை மாறிப் போயிற்று, யார் யாரோ பகிர்ந்தார்கள், ஆனந்தம் என்று தலைப்பு வேறு போட்டார்கள், மூன்று வருடமாக வருகிற ஒவ்வொரு பெண்ணும் அதைக் காட்டித்தான் பேச்சை ஆரம்பிக்கிறாள். இதுவரைக்கும் வந்தவர்களை மண்டபம், தோட்டம், படிக்கட்டு என்று வேறு பக்கம் திருப்பிவிட்டாள், பாறை உள்ள இடமாகப் பார்த்துப் பிடித்தவள் இன்றைய கல்யாணப் பெண் ஒருத்திதான். அவர் அந்தப் படத்தைப் பார்க்காமலா இருப்பார், ஸ்டூடியோ வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறது, வாரத்துக்கு ஒருமுறை கண்ணாடியை அவர்தான் துடைக்கிறார். ஒரு வார்த்தை பேசியதில்லை. கவனித்திருக்கமாட்டார், வெளிச்சம் பிடிக்கிறவருக்குத் தான் படத்துக்குள் வந்தது எப்படித் தெரியும், என்று அவள் வைத்துக்கொண்டிருந்தாள். அப்படி வைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

"அக்கா, நான் ரெடி!" என்று கல்யாணப் பெண் உடுப்பை முழங்கால்வரை அள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தாள். நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறவள், தோள் இரண்டும் அகலம், நடையில் ஒரு துள்ளல். பின்னாலேயே மாப்பிள்ளை, புது ஷூவைப் புல்லின் ஈரம் தொடாமல் கொக்கு மாதிரி எடுத்து வைத்துக்கொண்டு. "ஷூவுக்கும் எனக்கும் இன்னைக்குத்தான் முதல் நாள், கொஞ்சம் பாத்து நடத்துங்க" என்றான். "நாளையிலேருந்து உங்களையும் அப்படித்தான் நடத்துவாங்க, பழகிக்குங்க மாப்பிள்ளை" என்று அவர் சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள். குளிர்ந்த கூடத்திலிருந்து வெளியே கொண்டு வந்ததும் லென்ஸில் ஆவி படிந்தது. துடைத்தால் போகாது, கேமராவுக்கு வெளிக்காற்று பழகுகிறவரை பத்து நிமிடம் காத்திருக்கத்தான் வேண்டும், இதை அவள் முன்னாடியே செய்து வைத்திருக்க வேண்டும், எப்போதும் செய்கிற வேலை, இன்றைக்கு மறந்திருக்கிறாள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் பெண் அதைச் சொன்னாள். "அக்கா, எங்க வீட்டு ஆல்பத்தைப் பாத்தீங்கன்னா எல்லாத்துலயும் நான் வாயை மூடிக்கிட்டுத்தான் இருப்பேன். முன்பல்லு ரெண்டும் கொஞ்சம் தூக்கலா இருக்குல்ல, சின்ன வயசுல யாரோ ஏதோ சொன்னாங்க, அதுலேருந்து கேமராவைப் பாத்தா உதடு தானா ஒட்டிக்கும். உங்க படத்துல அந்தப் பொண்ணு இருக்காளே, யாரு பாக்கறாங்க, பல்லு தெரியுதா, ஒரு நினைப்பும் இல்லாம சிரிக்கறா. ரொம்ப மோசமான ஒரு வருஷம் எனக்கு, அந்த வருஷம் முழுக்க போனைத் திறந்தாலே அவதான். எனக்கும் ஒரே ஒரு தடவை அப்படி இருக்கணும், அவ்வளவுதான்." இதற்கு என்ன பதில் சொல்வது... அது சிரிப்பு இல்லை, பெண்ணே, உன்னை ஒரு வருடம் தூக்கி நிறுத்தியது ஒருத்தி கீழே போய்க்கொண்டிருந்த மூன்றில் ஒரு நொடி, என்று சொல்வதா? சொன்னால் அவளைத் தாங்கிய ஒன்று போய்விடும். சொல்லாமல் ஏற்றினால்? "பாக்கலாம்மா, பாறை காயட்டும்" என்றாள்.

மரத்தடி, மரப்படகு, கல் பெஞ்சு, புல்வெளிச் சரிவு என்று வரிசையாக எடுத்துக்கொண்டே போனாள். கை தன் பாட்டில் வேலை செய்தது, கண் மட்டும் இடையிடையே பாறைக்கு ஓடியது. மேல் பாதி வெளுத்துவிட்டது, தண்ணீர் தொடுகிற கீழ்ப் பாதி கறுப்பு. மூன்று இருபதுக்கு நாலு சொட்டு விழுந்தது, அவள் மனசு அப்படியே லேசாயிற்று, பெய்யட்டும், கொட்டட்டும், யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம், கூடத்துக்குள்ளே ஜன்னலோரம் நிறுத்தி எடுத்துவிடலாம்... மேனேஜர் குடையை விரித்துக்கொண்டு புல்வெளிக்கு ஓடினார், பெண்ணின் அம்மா ஜன்னலிலிருந்து இரண்டு கையையும் ஆட்டினாள், அவர் பிளாஸ்டிக் தொப்பியைக் கேமராவுக்கு மாட்டிவிட்டு மிச்சம் இருந்ததைத் தன் தலையில் மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான், நின்றுவிட்டது. மேனேஜர் குடையை மடக்கினார். மூன்று முப்பத்தைந்துக்கு, பதின்மூன்றாவது படம் முடிந்த கையோடு, மலைக்கு மேல் மேகம் ஒரு கதவு திறந்தாற்போல விலகியது. முதலில் எதிர்க்கரை, பிறகு நடு ஏரி, பிறகு பாறை, வெயில் தண்ணீரின்மேல் நடந்து வந்தது, அதே வெள்ளி, அதே சாய்வு, அதே காற்று. பதினாறு வருடமாக வானத்தைப் பார்க்கிறவளுக்குத் தெரியும், இது ஐந்து நிமிடம் நிற்கும், மிஞ்சினால் ஆறு. "அக்கா! அக்கா!" என்று பெண் செருப்பை உதறிவிட்டு ஓடினாள். "மெதுவா!" "வழுக்குற தரையில பிள்ளைங்களை விரட்டிக்கிட்டு ஓடறவ நான், எனக்கா சொல்லித் தரீங்க?" வெறும் காலோடு ஏறியும் விட்டாள், வெளுத்த பாதியில் நின்றாள், அங்கே நின்றால் பின்னால் புதர் வரும், தண்ணீர் வராது, அது அவளுக்கும் தெரிந்துதான் இருக்கிறது, படத்தை ஒரு வருடம் பார்த்தவள் ஆயிற்றே, ஒரு அடி கீழே வைத்தாள், இன்னொரு அடி.

அவர் ரிஃப்ளெக்டரைப் புல்லில் வைத்து, காற்றில் பறக்காமல் அதன்மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு, பாறையின் ஓரத்தில் போய் நின்றார். "வெளிச்சம் போதும், தட்டு வேண்டாம். நான் இங்கயே நிக்கறேன்." "ஃப்ரேம்ல வருவீங்க" என்றாள், யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொன்னது. அவர் இவள் பக்கம் திரும்பவில்லை, பெண்ணின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்தா வரட்டும். அப்புறம் அழிச்சுக்கோ." மேடம் இல்லை, வேலை நேரத்தில் வழக்கமாக வருகிற கிண்டல் இல்லை, கோபமும் இல்லை, கதவைச் சாத்திட்டு வா என்று வீட்டில் சொல்கிற குரல். அவருக்குத் தெரியும். அப்படியானால் தெரியும். எத்தனை நாளாக? கண்ணாடியைத் துடைக்கிறபோதெல்லாம், அந்த வலது ஓரத்தைத் துடைக்கிறபோதெல்லாம், தன் கை இருந்த இடத்தைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தாரா? இல்லை, சும்மா சொன்னாரா, வேலையில் எது குறுக்கே வந்தாலும், யார் வந்தாலும் அழிப்பதுதானே, மரக்கிளையை அழிக்கிறோம், மின்கம்பியை அழிக்கிறோம், போன வாரம் ஒரு மாமாவையே அழித்தாள்... "அக்கா, வெயில் போகுது!" கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். சின்ன ஓட்டைக்குள் ஏரி, வெள்ளி, விரிந்த இரண்டு கைகள், பழகாத ஒரு சிரிப்பு உதட்டைத் திறப்பதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு நிற்பது, எல்லாம் இருந்தன. வலது ஓரத்தில் ஒரு கை மெல்ல உள்ளே வந்தது. "உள்ள..." என்று நாக்கு எழுந்தது, மேலண்ணத்தைத் தொட்டது, விரல் பொத்தானின்மேல் இருந்தது, அவள் இந்தத் தடவை குதிகாலைத் தேடினாள், தேடிக் கண்டுபிடித்தாள், கறுத்த கல்லின்மேல் இருந்தது. கேமராவை இறக்கினாள். "இறங்கும்மா." "என்னக்கா?" "கீழ இறங்கு. ஏங்க, அவ கையைப் பிடிங்க."

பெண் இறங்கினாள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பத்திரமாக. பத்திரமாக இறங்கினதாலேயே கோபம் வந்தது அவளுக்கு. "ஒண்ணுமே ஆகலையே அக்கா! நல்லாத்தானே நின்னேன்! நாலு மாசமா சொல்லிட்டு இருக்கேன், இது ஒண்ணுதான் கேட்டேன்..." கண் கலங்கிவிட்டது, மாப்பிள்ளை ஷூவை மறந்து ஈரப் புல்லில் ஓடி வந்தான். பின்னால் வெயில் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது, படம் எடுக்கிறவள் கணக்குப் பண்ணின ஐந்து நிமிடமும் தாண்டி அடித்தது. எடுத்திருக்கலாமோ, ஒன்றும் ஆகியிருக்காதோ... இனிமேல் அது யாருக்கும் தெரியப்போவதில்லை. "அந்தப் படத்துல அவ சிரிக்கலம்மா" என்றாள். எங்கிருந்து வந்தது இந்தக் குரல், தன்னுடையது மாதிரியே இல்லை. "விழறா. பாறை வழுக்கி விழறா. கணுக்கால் உடைஞ்சுபோச்சு. அதுக்கு முந்தின நொடி அது." பெண் அவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு மாப்பிள்ளையின் பையிலிருந்த தன் போனை வாங்கி, படத்தை எடுத்து, இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். முதலில் முகத்தை. "கத்தறாளா?" படத்தை மெல்ல நகர்த்தினாள், கைகள், துணி, பாறை, கால், திரும்ப மேலே வந்து வலது ஓரம்... கட்டைவிரல் சரியாக அந்த இடத்தில் போய் நின்றது, ஏழாவது படத்தின் தண்ணீரின்மேல். "பக்கத்துல யாருமே இல்லையா? பிடிக்கறதுக்கு ஒருத்தர்கூடவா இல்ல?"

பதில் அவளிடம் தயாராக இருந்தது, மூன்று வருடமாகத் தயாராக இருக்கிறது, இருந்தார், பிடிக்க வந்தார், நான்தான் வராதீங்கன்னு கத்தினேன். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கலாம். மூச்சை இழுத்தாள். "இருந்தேம்மா" என்றார் அவர். "நான்தான்... கை எட்டல. ஒரு செகண்ட் லேட்டாயிட்டேன்." மாப்பிள்ளை உடனே, "விடுங்கண்ணா, நீங்க என்ன பண்ணுவீங்க, தெரிஞ்சா பண்ணீங்க" என்றான், பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முழங்கையைத் தொட்டாள், கோபம் போன இடம் தெரியவில்லை. எவ்வளவு சரளமாக வந்தது அவருக்கு. தடுமாற்றம் இல்லை, போன் நம்பர் சொல்கிற மாதிரி, நான்தான் என்பதற்குப் பிறகு விட்ட அந்த இடைவெளிகூட அளந்து வைத்தாற்போல இருந்தது. முதல் தடவை சொல்கிற ஆள் இப்படிச் சொல்லமாட்டான். ஆஸ்பத்திரிக்கு அவர் நான்கு நாள் தனியாகப் போய் வந்தார், இவள் வீட்டில் இருந்தாள், திரும்பி வந்து "நல்லா இருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டுவார், அங்கே என்ன பேசினார் என்று இவள் ஒரு நாளும் கேட்டதில்லை. வாசலில் வந்து சண்டை போட ஒருத்தரும் வரவில்லையே, எவ்வளவு நல்ல மனுஷர்கள், என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இவளைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னாரா? அல்லது நிஜமாகவே அப்படித்தான் நடந்தது என்று... அவர் காதில் அந்தச் சத்தம் விழுந்ததா, கால் தானாக நின்றதே தவிர சொல் மனசுக்குப் போய்ச் சேரவே இல்லையா? அவர் கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, ரிஃப்ளெக்டரை எட்டு மாதிரி முறுக்கி மடக்கி உறைக்குள் திணித்துக்கொண்டிருந்தார், மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது, நாற்காலிகளை உள்ளே போடச் சொல்ல வேண்டும், அவள் சொன்னால்தான் செய்வார்கள். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். தன் கை எட்டாமல் போனதை உலகம் பார்க்க வேண்டாம் என்றுதான், தன் மானத்தைக் காக்கத்தான், இவள் நாற்பது நிமிடம் உட்கார்ந்து அந்தக் கையை அழித்தாள் என்று இந்த மனிதன் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தால்... அந்த மௌனம் எல்லாம் நன்றியாக இருந்தால்...